கனவை மறக்காமல் இருப்பதும் கனவுக்குள் விழித்துக்கொள்வதும்

எங்கள் தாத்தா கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் இரண்டு ஏக்கரில் ராகி போட்டவர். கதிர் முற்றும் மாதங்களில் யானை இறங்கும் என்பதால் காட்டோரம் பரண் கட்டி இரவு முழுவதும் அங்கேதான் படுப்பார். நாய் குரைத்தால் எழுவார், தகரத்தைத் தட்டுவார், டார்ச் அடித்துப் பார்ப்பார், மறுபடி சாய்வார். விடிந்ததும் வீட்டுக்கு வந்து களி சாப்பிட்டுக்கொண்டே இரவு கண்ட கனவுகளை ஒன்று விடாமல் சொல்வார். ஒரே இரவில் மூன்று, நான்குகூட இருக்கும். அறுவடை முடிந்து வீட்டுத் திண்ணையில் படுக்கத் தொடங்கிய பிறகு கேட்டால், "இப்போதெல்லாம் சொப்பனமே வருவதில்லை கண்ணு" என்பார். காட்டில் படுப்பவர்களுக்குக் காத்து கருப்புதான் கனவைக் கொண்டுவருகிறது என்று எங்கள் ஆயா, அதாவது பாட்டி, உறுதியாக நம்பினார்.

பல ஆண்டுகள் கழித்து உறக்கத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. தாத்தாவுக்குத் திண்ணையிலும் கனவுகள் வந்துகொண்டுதான் இருந்தன. பரண் மேல் அடிக்கடி விழித்ததால் அவை கையில் சிக்கின. திண்ணையில் அடித்துப்போட்டதுபோல் தூங்கியதால் நழுவிப் போயின. "எனக்குக் கனவே வராது" என்று சொல்லும் யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். கனவு வருகிறது. விழிக்கும் நேரத்தில் அது தொலைகிறது. தொலையாமல் பிடித்துவைக்கப் பழகிவிட்டால், ஒருநாள் கனவு நடந்துகொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துகொள்ளவும் முடியும். இரண்டாவதைத்தான் எல்லோரும் ஆசையோடு கேட்கிறார்கள். முதலாவது கைகூடாமல் இரண்டாவது நிலைக்காது என்பது என் அனுபவம்.

உறக்கம் இரவு முழுவதும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. படுத்ததும் மெல்ல மெல்ல ஆழத்துக்கு இறங்குகிறோம், பிறகு மேலே வருகிறோம். இப்படி ஒருமுறை இறங்கி ஏற ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு விசித்திரமான கட்டம் வருகிறது. மூளை விழித்திருப்பவரின் மூளைபோல் சுறுசுறுப்பாகிறது, மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் வேகமாக அலைகின்றன, கைகால் தசைகளோ முற்றிலும் தளர்ந்துவிடுகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தன் சின்ன மகனின் கண்களுக்கு அருகே மின்முனைகளை ஒட்டி இரவெல்லாம் பதிவுசெய்து பார்த்தபோது இது பிடிபட்டது. அவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியல் கிளைட்மனும் 1953 இல் இதை வெளியிட்டார்கள். கண்கள் விரைந்து அசைவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ரெம் உறக்கம் என்கிறோம். இந்தக் கட்டத்தில் ஒருவரை எழுப்பிக் கேட்டால், பத்தில் எட்டு முறை கனவு ஒன்றைச் சொல்கிறார். மற்ற கட்டங்களிலும் கனவு உண்டு. ஆனால் நீளமான, காட்சி நிறைந்த, கதைபோல் ஓடும் கனவுகள் பெரும்பாலும் ரெம் உறக்கத்தில்தான் வருகின்றன.

இந்த ரெம் கட்டங்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல என்பது நமக்கு மிகவும் பயன்படும் செய்தி. இரவு பத்து மணிக்குப் படுப்பவருக்குப் பதினொன்றரை வாக்கில் முதல் ரெம் வரும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடிய விடிய அது நீண்டுகொண்டே போகும். நான்கு மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவே வருவது அரை மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஓடும். "விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்று நம் ஊரில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். விடியற்காலைக் கனவுதான் நீளமானது, தெளிவானது. அது முடிந்த கையோடு விழிப்பும் வந்துவிடுவதால் நினைவிலும் நிற்கிறது. நினைவில் நிற்பதைத்தானே பின்னால் நடப்பவற்றோடு பொருத்திப் பார்க்க முடியும்? நள்ளிரவுக் கனவு பலித்ததா இல்லையா என்று சரிபார்க்க அது பெரும்பாலும் நினைவிலேயே இருப்பதில்லை.

ஏன் இவ்வளவு சீக்கிரம் மறக்கிறது? நினைவைப் பதிவுசெய்ய உதவும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் ரெம் உறக்கத்தின்போது மூளையில் மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால் கனவு என்பது ஈர மணலில் விரலால் எழுதியதுபோல் இருக்கிறது. விழித்ததும் அதைக் கவனித்தால் நிலையான நினைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் "இன்றைக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டுமே" என்ற ஓர் எண்ணம் வந்துவிட்டால், அலை வந்து துடைத்துவிடும். பிரான்சில் லியோன் நகர ஆய்வாளர்கள், கனவை அடிக்கடி நினைவுகூர்பவர்களையும் அரிதாக நினைவுகூர்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் வகையினர் இரவில் இடையிடையே விழித்திருந்த நேரம் மொத்தம் ஏறத்தாழ 30 நிமிடம். இரண்டாம் வகையினருக்கு அதில் பாதி. இதைப் படித்ததும் எனக்குப் பரண்தான் கண்முன் வந்தது.

அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அடிக்கடி எழ வேண்டாம். நமக்கு வேண்டியது, இயல்பாக வரும் விழிப்புகளை வீணாக்காமல் இருப்பது.

விழித்ததும் அசையாதீர்கள். கண்ணைத் திறக்காதீர்கள், கைபேசியைத் தேடாதீர்கள், மணி பார்க்காதீர்கள். இதற்கு ஈடாக எனக்கு உதவிய வேறு ஒரு பழக்கம் இல்லை. படுத்த நிலையிலேயே, "இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காட்சி வராவிட்டால் உணர்ச்சியைத் தேடுங்கள். பயமா, அவசரமா, யாரையோ பார்த்த மகிழ்ச்சியா? உணர்ச்சிதான் கடைசியாக மறைவது. அதன் நுனியைப் பிடித்துக்கொண்டால் ஓர் இடம் வரும், இடத்தோடு ஓர் ஆள் வருவார், அவர் பின்னாலேயே கதை வரும். கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: "அதற்கு முன்னால் எங்கே இருந்தேன்? அங்கே எப்படி வந்தேன்?" ஒன்றும் கிடைக்காவிட்டால், வழக்கமாக எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்களோ அந்தப் பக்கம் மெதுவாகத் திரும்பி மறுபடி கேளுங்கள். படுத்த நிலை மாறியதும் முழுக் கனவும் திரும்பி வந்த நாள்கள் எனக்கு உண்டு.

பிறகு எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும் தலையணை அருகே இருந்தால் போதும். கைபேசியில் குறிப்பெடுக்கலாம் என்று தோன்றும். திரையின் வெளிச்சமும் அதில் வரிசையாக நிற்கும் செய்திகளும் கனவை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் நான் அதைச் சொல்வதில்லை. முதலில் நான்கைந்து சொற்களை மட்டும் கிறுக்குங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "தக்காளிக் கூடை. யாரோ அழுதார்கள். ராயக்கோட்டை?" அந்தச் சொற்களே கொக்கியாக நின்று, பல் துலக்கி முடிந்த பின்னும் மீதியை இழுத்துக்கொண்டு வரும். நேரம் கிடைக்கும்போது விரித்து எழுதலாம். எழுதும்போது "போனேன், பார்த்தேன்" என்பதைவிட "போகிறேன், பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள். அந்த இடத்துக்கே திரும்பிப் போனதுபோல் விவரங்கள் கூடும். ஒன்றுமே நினைவில் இல்லாத நாளிலும் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, "ஒன்றும் இல்லை, மனம் கொஞ்சம் கனமாக இருக்கிறது" என்றாவது எழுதிவிடுங்கள். காலையில் கேள்வி வரும் என்பதை மூளை கற்றுக்கொள்ள வேண்டும்.

படுக்கும்போது, "இன்று காணும் கனவை நினைவில் வைப்பேன்" என்று மனத்துக்குள் நான்கைந்து முறை சொல்லிக்கொண்டு தூங்குங்கள். வெறும் வார்த்தைதானே என்று தோன்றலாம். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய நாளில் அலாரத்துக்கு முன்பே விழிப்பு வருவதை நினைத்துப் பாருங்கள். உறங்குமுன் மனத்தில் வைத்த எண்ணம் உறக்கத்துக்குள்ளும் வேலை செய்கிறது.

தூக்கம் போதுமான அளவு இருக்க வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்து நான்கரைக்கு எழுபவர், மிக நீளமான ரெம் உறக்கத்தை ஒவ்வொரு நாளும் வெட்டி எறிகிறார். அவருக்கு நோட்டும் பேனாவும் என்ன செய்ய முடியும்? மதுவும் அப்படித்தான். தூக்கம் வரவழைப்பதுபோல் காட்டிவிட்டு, முன்னிரவின் ரெம் உறக்கத்தை அமுக்கிவிடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் ரெம் உறக்கத்தைக் குறைப்பதுண்டு. அதற்காக யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கனவு காத்திருக்கும்.

இப்படி இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் பெரும்பாலோருக்கு வாரத்தில் நான்கைந்து கனவுகளாவது நோட்டில் சேர்ந்துவிடும். அந்த நோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். திரும்பத் திரும்ப வருபவை கண்ணில் படும். ஒருவருக்குத் தேர்வு அறை, இன்னொருவருக்கு எப்போதோ இறந்துபோன உறவினர், வேறொருவருக்கு எத்தனை ஓடினாலும் பிடிக்க முடியாத பஸ். என் நோட்டில் கடல். கிருஷ்ணகிரியில் கடல் இல்லை, பக்கத்து மாவட்டங்களிலும் இல்லை. ஆனால் என் கனவுகளில் சையத் பாஷா மலைக்குப் பின்னால் திரும்பினால் கடல் வந்துவிடுகிறது. கே.ஆர்.பி. அணையின் மதகுக்கு அந்தப் பக்கமும் கடல்தான். ஆறு வாரத்தில் ஒன்பது முறை. ஒரு முறைகூட எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. மலைக்குப் பின்னால் அலையடிக்கிறது, நான் பாட்டுக்குக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போகிறேன்.

இவற்றைக் கனவின் அடையாளங்கள் என்று சொல்லலாம். கனவுக்குள் இருக்கும்போது இவை ஏன் நமக்கு வியப்பைத் தருவதில்லை? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் "இது எப்படிச் சாத்தியம்?" என்று கேட்டு எடைபோடுகிறது. ரெம் உறக்கத்தில் அதன் செயல்பாடு குறைந்திருக்கிறது. காட்சியையும் உணர்ச்சியையும் உண்டாக்கும் பகுதிகள் முழு வேகத்தில் ஓட, கேள்வி கேட்பவர் மட்டும் கண்ணயர்ந்திருக்கிறார். அந்த ஒருவரை மட்டும் எழுப்பிவிட்டால்?

அதுதான் ஆங்கிலத்தில் லூசிட் டிரீம் எனப்படுவது. நான் தெளிகனவு என்று எழுதுகிறேன். உடல் உறங்கிக்கொண்டே இருக்கிறது, கனவும் ஓடிக்கொண்டே இருக்கிறது, "நான் கனவு காண்கிறேன்" என்பது மட்டும் உங்களுக்குத் தெரிகிறது. கனவை இஷ்டப்படி ஆட்டிவைப்பது இதற்கு அவசியம் இல்லை. தெரிந்துகொள்வதுதான் தெளிகனவு. பறப்பதும் சுவருக்குள் நுழைவதும் பழகப் பழகச் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. இது அபூர்வமான சித்தியும் அல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான ஒரு கணக்கின்படி, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படி ஒரு கனவைக் கண்டிருக்கிறார்கள். மாதம் ஒன்றாவது காண்பவர்கள் 23 விழுக்காடு. சிறுவயதில் ஏதோ துரத்தும்போது, "இது கனவுதான், விழித்துக்கொள்ளலாம்" என்று தோன்றி விழித்திருக்கிறீர்களா? அதுவும் இதைச் சேர்ந்ததுதான்.

லூசிட் டிரீம் என்ற பெயரை 1913 இல் வழங்கியவர் ஃபிரெடரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர். ஆனால் அறிவியல் உலகம் நெடுங்காலம் இதை நம்பவில்லை. உறங்குபவருக்கு எப்படி விழிப்புணர்வு இருக்க முடியும், இடையே சற்று விழித்ததைக் கனவென்று சொல்கிறார்கள் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். உறக்கத்துக்குள் இருப்பவர் வெளியே இருப்பவருக்கு எப்படிச் சான்று கொடுப்பார்? பேச முடியாது, கையசைக்க முடியாது, கைகால் தசைகள் எல்லாம் தளர்ந்து கிடக்கின்றன.

ஆனால் கண்கள் தளர்வதில்லை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இந்த ஒரு வாசலைப் பயன்படுத்தினார். தெளிகனவு காணும் பழக்கமுள்ள ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாகக் குறித்த எண்ணிக்கையில் அசைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார். 1975 ஏப்ரலில் ஒரு நாள் காலை, உடல் ரெம் உறக்கத்தில் இருப்பதைக் கருவி காட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒழுங்கற்ற கண்ணசைவுகளுக்கு நடுவே அந்த ஒழுங்கான இட வல அசைவு காகிதத்தில் பதிவானது. கனவுக்குள்ளிருந்து வெளியுலகுக்கு வந்த கடிதம் அது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டு, 1980 இல் தன் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். கனவுக்குள் பத்து விநாடி எண்ணச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணசைவால் குறிக்கவைத்துப் பார்த்தார். வெளியேயும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது. நீண்ட கனவெல்லாம் ஒரு நொடியில் நடந்து முடிகிறது என்ற பரவலான நம்பிக்கைக்கு இது நல்ல பதில்.

2021 இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, 36 பேரிடம் கனவுக்குள்ளேயே கேள்வி கேட்டுப் பார்த்தன. எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று உறங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம் கேட்டார்கள். அவர் கண்களை இரண்டு முறை இட வலமாக அசைத்தார். எல்லோருக்கும் இது வாய்க்கவில்லை, பெரும்பாலான கேள்விகளுக்குப் பதிலே வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு கழித்தல் கணக்கு போதும், இது கற்பனை அல்ல என்று சொல்ல.

இனி, நாம் வீட்டிலேயே பழகுவது எப்படி என்று பார்க்கலாம். முதல் வழி பகலில் தொடங்குகிறது. "நான் இப்போது கனவு காண்கிறேனா?" என்று நாளுக்கு ஏழெட்டு முறை உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டு, சோதித்துப் பார்க்க வேண்டும். பகலில் ஊறிய பழக்கம் கனவிலும் தலைகாட்டும். கிள்ளிப் பார்ப்பது பயன்படாது, கனவிலும் வலிப்பதுபோல் தோன்றலாம். எழுத்தைப் படித்துவிட்டு, பார்வையை விலக்கி, மறுபடி படியுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் நிலையாக நிற்காது. பஸ்ஸின் பெயர்ப்பலகை இதற்கு மிகவும் ஏற்றது. 'பென்னாகரம்' என்று இருப்பதைப் படித்து, தரையைப் பார்த்து, திரும்பப் படியுங்கள். இன்னொன்று, வாயை மூடி மூக்கையும் விரலால் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பாருங்கள். நனவில் முடியாது. கனவில் மூச்சு தாராளமாக உள்ளே போகும், ஏனென்றால் படுக்கையில் இருக்கும் உண்மையான மூக்கை யாரும் பிடிக்கவில்லை. இயந்திரம்போல் மூக்கைப் பிடித்துவிட்டு நகர்ந்தால் கனவிலும் அப்படியே நகர்ந்துவிடுவீர்கள். நின்று, "இங்கே எப்படி வந்தேன்? பத்து நிமிடம் முன்னால் எங்கே இருந்தேன்?" என்று யோசிப்பதுதான் உயிர்நாடி.

பகல் சோதனை மட்டும் செய்தால் பலன் குறைவு. லாபெர்ஜ் வகுத்த இரண்டாம் வழி அதோடு சேர வேண்டும். அதற்கு விடியற்காலை வேண்டும். ஐந்து மணி நேரம் தூங்கியபின் விழித்து, சற்று நேரம் எழுந்திருந்துவிட்டு மறுபடி படுப்பது. பால் மாடு வைத்திருக்கும் குடும்பங்களில் இது இயற்கையாகவே நடக்கிறது. நான்கரைக்கு எழுந்து மாட்டைக் கறந்து, சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்து, ஆறரை வரை ஒரு குட்டித்தூக்கம் போடுகிறார்களே, அந்தக் குட்டித்தூக்கம் ரெம் நிறைந்தது. அதற்குப் படுக்கும்போது, கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அதில் இருந்த விசித்திரமான ஒன்றை, என் கணக்கில் மலைக்குப் பின்னால் இருக்கும் கடலை, எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்ததும் "இது கனவு" என்று நான் உணர்ந்துவிடுவதாகக் கற்பனை செய்ய வேண்டும். பிறகு "அடுத்து கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பதை நினைவுகூர்வேன்" என்று பொருள் உணர்ந்து சொல்லிக்கொண்டே உறங்கிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 2017 இல் வெளியான ஆய்வில், பகல் சோதனையையும் இந்த விடியற்காலைப் பயிற்சியையும் சேர்த்து ஒரு வாரம் செய்தவர்களின் முயற்சிகளில் ஏறத்தாழ 17 விழுக்காடு வெற்றி பெற்றன. சொல்லி முடித்து ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிப்போனவர்களுக்கு அது 46 விழுக்காடு வரை போனது. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு முயல்வதில் பயனில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வாரம் ஓரிரு நாள், மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்தால் போதும்.

எனக்கு முதல் தெளிகனவு வர நான்கு மாதம் ஆனது. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் நிற்கிறேன். தருமபுரி பஸ் வருகிறது, பலகையைப் படிக்கிறேன். பழக்கத்தால் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படித்தால் அங்கே எழுத்தே இல்லை, நீலமாக ஏதோ அலைகிறது. "கடல்! அப்படியென்றால் இது கனவு!" அந்தக் கணத்தில் எல்லாமே கூர்மையானது. மாம்பழக் கூடைக்காரியின் புடவைக் கரை, டீசல் நெடி, காலடியில் கிடந்த டிக்கெட்டின் கிழிசல், எல்லாம் நனவைவிடத் துல்லியமாக இருந்தன. மகிழ்ச்சியில் நெஞ்சு படபடக்க, அடுத்த நொடி படுக்கையில் கிடந்தேன்.

பெரும்பாலோருக்கு முதல் முறை இப்படித்தான் முடியும். கனவை நீட்டிக்க வேண்டுமானால் ஆரவாரப்படக் கூடாது. கனவுக்குள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள், அருகில் இருக்கும் சுவரையோ மண்ணையோ தொட்டுப் பாருங்கள். தொடு உணர்வில் கவனம் இருக்கும்வரை கனவு கலையாமல் நிற்கிறது. ஒரே பொருளை உற்றுப் பார்த்தால் காட்சி கரையத் தொடங்கும். கண்களை மெல்ல ஓடவிடுங்கள்.

பயிற்சியில் இறங்குபவர்கள் ஒருநாள் சந்திக்கக்கூடிய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் விழிப்பு வந்திருக்கும், கண் தெரியும், ஆனால் கைகால் அசையாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் அழுத்தும். அறையில் ஓர் ஆள் நிற்பதுபோல் தோன்றும். கத்தினால் குரல் வராது. நம் ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். தலைமாட்டில் இரும்பு வைப்பார்கள், விபூதி பூசிவிடுவார்கள். நடப்பது இதுதான்: ரெம் உறக்கத்தில் கனவுக்கேற்ப நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. சில நேரம் அறிவு முதலில் விழித்துவிடுகிறது, கட்டு அவிழச் சற்றுத் தாமதமாகிறது. மூச்சுக்கு வேண்டிய உதரவிதானம் தளர்வதில்லை, ஆகவே மூச்சு நிற்காது. சில நொடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில் தானாக விலகிவிடும். தூக்கம் கெட்ட நாள்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது அதிகம். வந்தால் திமிறாதீர்கள். மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு விரல்நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள். என்னவென்று தெரிந்தவருக்குப் பயம் பாதியாகிவிடுகிறது. இதைச் சொல்லாமல் தெளிகனவை மட்டும் சொல்லிக்கொடுப்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

எல்லோரும் இதில் இறங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இல்லாத குரல் கேட்பது, நனவு எது நினைப்பு எது என்று குழம்புவது போன்ற மனநோய் அனுபவம் உள்ளவர்கள் தெளிகனவுப் பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. ஓசூரில் சுழற்சி ஷிப்டில் வேலை செய்பவர்களும் விடியற்காலைப் பயிற்சிக்குப் போக வேண்டாம். அவர்களுக்குத் தூக்கமே தங்கம். இரவு வேலை முடித்துக் காலையில் படுத்ததுமே நீளமான கனவுகள் வருவதாக அவர்களில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காலை நேரம் உடலின் கடிகாரப்படி ரெம்முக்கு உரிய நேரம், அதனால்தான். அவர்களுக்கு நோட்டு மட்டும் போதும். தெளிகனவு வரவழைக்கும் மாத்திரை என்று விற்பவற்றை யாரும் வாங்காதீர்கள்.

வீட்டில் வயதானவர் யாராவது உறக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கத்தி, குத்தி, உதைத்தால் அது வேறு விஷயம். தசைகளைக் கட்டிவைக்கும் ஏற்பாடு பழுதடைந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். சிலருக்குப் பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வரும். நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் கெட்ட கனவுகளைத்தான் சொல்வேன். தொப்பூர்க் கணவாயில் விபத்தில் சிக்கிப் பிழைத்த என் உறவினர் ஒருவருக்கு, அதே லாரி, அதே வளைவு, வாரத்தில் இரண்டு மூன்று இரவு வந்துகொண்டிருந்தது. தெளிகனவு வரை போகாமலே செய்யக்கூடிய ஒன்றைச் சொன்னேன். பகலில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதி, அதன் முடிவை மட்டும் விருப்பப்படி மாற்றி, மாற்றிய வடிவத்தை நாளும் பத்து நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. மருத்துவர்களே பயன்படுத்தும், சான்றுள்ள முறை இது. அவர் லாரியை ஓரமாக நிறுத்தி ஓட்டுநரை இறங்கி வரச் சொல்லி, இருவரும் டீ குடிப்பதாக எழுதினார். சில வாரங்களில் கனவு வருவது குறைந்தது. குறையாமல் உறக்கத்தையே குலைக்கும் அளவுக்குப் போனால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இல் தமிழிலேயே பேசலாம்.

கெட்ட கனவை யாரிடமும் சொல்லாமல் ஓடும் தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது ஆயாவின் வழக்கம். நல்ல கனவை எங்களிடம் சொல்வார். இப்போது காலையில் என் நோட்டைப் பார்த்ததும், "என்னுடையதையும் எழுதிக்கொள் கண்ணு" என்கிறார். அவருக்கு எழுதத் தெரியாது. அதனால் என் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை அவருக்கு ஒதுக்கியிருக்கிறேன். கண்ணைத் திறக்காமல் படுத்தபடியே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். எண்பது வயதுக்கு மேல் ஆன பிறகும் வாரத்துக்கு மூன்று வந்துவிடுகிறது. நேற்று எழுதியது இது: பரண் மேல் தாத்தா. ராகி முற்றி நிற்கிறது. யானை வரவில்லை. கீழே நின்று, களி ஆறிவிடும், இறங்கி வாருங்கள் என்று கூப்பிடுகிறேன்.